உங்க பாட்டிக்கு எந்த ஊர்? பிரையன் ஃப்ளினும் இளையோர் பயிற்சியாளர் வேலையும்

2016 ஜூலை 1. வடக்கு பிரான்ஸின் லீல் நகரம். யூரோ கோப்பைக் காலிறுதியில் வேல்ஸும் பெல்ஜியமும் மோதுகின்றன. முதல் கோல் பெல்ஜியத்துக்கு. 13ஆவது நிமிடத்தில் நைங்கோலன் தொலைவிலிருந்து அடித்தார். அப்புறம் ஆரன் ராம்ஸி எடுத்த கார்னரை ஆஷ்லி வில்லியம்ஸ் தலையால் முட்டிச் சமன் செய்தார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், ராம்ஸி பெனால்டி பகுதிக்குள் அனுப்பிய பந்து ஹால் ராப்ஸன்-கானுவிடம் வந்தது. அவர் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். சுற்றிலும் மூன்று பெல்ஜியம் வீரர்கள். பந்தை வெளியே தள்ளிவிடப் போகிறவர்போல் காலை வீசியவர், சட்டென்று அதைத் தன் காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்பினார். மூன்று பேரும் ஒரு பக்கம் போய்விட்டார்கள், இவர் மறுபக்கம் தனியாக நின்று நிதானமாக வலைக்குள் அடித்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு கிளப்கூட இல்லை. ரெடிங் கிளப்பிலிருந்து வெளியே வந்து, அடுத்து எங்கே ஆடுவது என்று முடிவாகாமல் இருந்த நேரம் அது. ஆட்டம் முடியும் தறுவாயில் கிறிஸ் கண்டர் தூக்கிப் போட்ட பந்தை சாம் வோக்ஸ் தலையால் முட்டினார். 3-1. வேல்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு பெரிய போட்டியின் அரையிறுதிக்குப் போனது.

இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வேல்ஸுக்காகக் கோல் அடித்த மூவருமே இங்கிலாந்தில் பிறந்தவர்கள். வில்லியம்ஸ் பிறந்தது வுல்வர்ஹாம்டன், ராப்ஸன்-கானு லண்டன், வோக்ஸுக்குத் தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர். மூவருக்கும் தாத்தாவோ பாட்டியோ வேல்ஸ்காரர். அன்று களத்தில் இறங்கிய பதினொரு பேரில் ஹென்னஸி, கண்டர், டெய்லர், ஆலன், ராம்ஸி, பேல், ராப்ஸன்-கானு ஆகிய ஏழு பேரும் அதற்குப் பல வருடங்கள் முன்பே ஒரே மனிதரின் கையால் இளையோர் அணியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர் அன்று வேல்ஸ் பயிற்சியாளர்கள் உட்காரும் பெஞ்சில் இல்லை. வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. பெயர் பிரையன் ஃப்ளின்.

இளையோர் தேசிய அணிப் பயிற்சியாளர் என்று ஒரு வேலை இருக்கிறதே, அது உண்மையில் என்ன வேலை என்று கால்பந்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எளிதில் பிடிபடாது. கோப்பை வாங்குவது அரிது. ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதே குறைவு. ஃப்ளினின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் இது நன்றாகப் புரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாட்டுக்கும் நாம் டிவியில் பார்க்கும் முதன்மை அணியைத் தவிர, வயதுவாரியாகச் சிறு அணிகளும் உண்டு. ஐரோப்பாவில் 17 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர், 21 வயதுக்குட்பட்டோர் என்ற மூன்றுக்கும் முறையான போட்டிகள் நடக்கின்றன. இதில் 21 என்ற எண் புதியவர்களைக் குழப்பும். வயது கணக்கிடப்படுவது தகுதிச்சுற்று தொடங்கும்போது. அந்தச் சுற்றும் அதன்பின் வரும் இறுதிக்கட்டப் போட்டிகளும் சேர்ந்து இரண்டு வருடம் ஓடும். அதனால் 21 வயதுக்குட்பட்டோர் கோப்பையின் இறுதிக்கட்டத்தில் 23 வயது ஆட்டக்காரரைப் பார்த்தால் ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள், விதியே அப்படித்தான்.

கிளப் அகாடமியில் பயிற்சி கொடுப்பவர் பையன்களைத் தினமும் பார்க்கிறார். காலில் பந்து எப்படி ஒட்டுகிறது, தோற்ற மறுநாள் முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாட்டின் இளையோர் அணியைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த வசதி கிடையாது. வருடத்தில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்கள்தான் பையன்கள் கையில் இருப்பார்கள். அதற்குள் ஒருவனுக்குப் புதிதாகப் பந்தாடக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. அதனால் அவருடைய வேலையில் பாதி கண்டுபிடிப்பது, மீதிப் பாதி மேலே அனுப்பிவைப்பது.

சரி, ஃப்ளினுக்கு வருவோம். 1955 அக்டோபர் 12 அன்று தெற்கு வேல்ஸின் போர்ட் டால்போட்டில் பிறந்தவர். இரும்பாலைக்குப் பேர்போன ஊர் அது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலத்தைச் சுற்றித்தான். முரட்டு நடுக்கள வீரர்கள் நிறைந்திருந்த காலத்தில் அந்த உயரத்தோடு நடுக்களத்தில் ஆடினார். பள்ளிப்பருவம் முடிந்ததும் வடக்கு இங்கிலாந்தின் பர்ன்லி கிளப்புக்குப் பயிற்சி வீரராகப் போனார்.

பர்ன்லி சின்ன ஊர். பெரிய நகரக் கிளப்களோடு பணத்தில் போட்டி போட முடியாது. அதனால் மற்றவர்கள் பலரும் யோசிக்காத காலத்திலேயே, 1950களில், தனியாக ஒரு பயிற்சி மைதானம் வாங்கினார்கள். ஊர் ஊராக ஆள் அனுப்பிப் பதினைந்து பதினாறு வயதுப் பையன்களைத் தேடினார்கள். அப்படி வளர்த்தெடுத்த பையன்களை நம்பியே 1960இல் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் சாம்பியன் ஆனார்கள். விலைகொடுத்து வாங்க முடியாவிட்டால் தேடிப் பிடித்து வளர்த்துக்கொள் என்பதுதான் அந்தக் கிளப்பின் வழி. ஃப்ளின் அந்த வழியில் வந்த பிள்ளை. பிற்காலத்தில் அவர் போன இடமெல்லாம் இதையே செய்தார் என்பதைப் பார்க்கும்போது, அவருடைய உண்மையான பயிற்சிப் பட்டம் பர்ன்லியில்தான் கிடைத்தது என்று சொல்லலாம்.

1974இல், 19 வயதில், வேல்ஸ் முதன்மை அணிக்கு வந்துவிட்டார். அடுத்த பத்து வருடத்தில் 66 ஆட்டங்கள், 7 கோல்கள். நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு ‘கேப்’ என்று எண்ணுவார்கள். அந்தக் காலத்தில் நிஜமாகவே குஞ்சம் வைத்த தொப்பி ஒன்றைக் கொடுத்ததால் வந்த பெயர். 1977 நவம்பரில் லீட்ஸ் யுனைடெட் அவரை வாங்கியது. 1981இல் ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை லீட்ஸ் 1-0 என்று வென்ற ஆட்டத்தில் அந்த ஒரு கோல் இவருடையது. 1983இல் கார்டிஃபில் பிரேசிலோடு 1-1 என்று டிரா செய்த ஆட்டத்திலும் வேல்ஸின் கோலை அடித்தவர் இவர்தான், அதுவும் தலையால் முட்டி. இந்த உயரத்துக்குத் தலையால் கோல், எதிரே பிரேசில்!

ஆட்டக்காரராக அவருக்கு வலித்த நாள் ஒன்றும் உண்டு. 1977 அக்டோபர் 12, அவருடைய 22ஆவது பிறந்தநாள். உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் ஸ்காட்லாந்துக்கு எதிரான அந்த ஆட்டம் வேல்ஸின் ‘சொந்த மண்’ ஆட்டம் என்றாலும் இங்கிலாந்தில், லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் நடந்தது. பந்து கையில் பட்டதாகச் சொல்லி நடுவர் வேல்ஸுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். பட்டது ஸ்காட்லாந்துக்காரர் ஜோ ஜோர்டனின் கைதான் என்று வேல்ஸ் ரசிகர்கள் இன்றுவரை சொல்கிறார்கள், படங்களும் அவர்கள் பக்கம்தான் பேசுகின்றன. 0-2 என்று தோற்றார்கள். 1958க்குப் பிறகு முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பு அப்படிக் கைநழுவியது.

ஆட்ட வாழ்க்கையின் பிற்பகுதியில் பல கிளப்களில் ஆடிவிட்டு 1988இல் வடக்கு வேல்ஸின் ரெக்ஸம் கிளப்புக்கு வந்தார். இன்று ஹாலிவுட் நடிகர்கள் வாங்கியதால் உலகத்துக்கே தெரிந்த பெயர். அன்று கதை வேறு. 1989இல் ஃப்ளின் அங்கே மேலாளர் ஆனார். 1990-91 பருவத்தின் முடிவில் ரெக்ஸம் நான்காவது டிவிஷனில் கடைசி. மொத்த லீகிலும் 92 கிளப்கள், அதில் 92ஆவது இடம். அந்த வருடம் லீகை விரிவாக்கியதால் யாரையும் கீழே தள்ளவில்லை, அதனால் பிழைத்தார்கள்.

கையில் காசில்லை. அதனால் பர்ன்லி பாடத்தை எடுத்தார். ரெக்ஸம் இளையோர் அணியைப் பார்த்துக்கொண்ட கிளிஃப் ஸியர் தயார்செய்த பையன்களை முதன்மை அணியில் இறக்கினார். பக்கத்தில் ஓரிரண்டு பழுத்த ஆட்களை நிறுத்திக்கொண்டார். இந்தக் கலவை எப்படி வேலை செய்யும் என்பதைப் பார்க்க 1992 ஜனவரி 4 போதும். பெரிய கிளப்களும் சின்னக் கிளப்களும் ஒன்றோடொன்று மோதும் எஃப்.ஏ. கோப்பை, மூன்றாம் சுற்று. எதிரணி ஆர்சனல், அதற்கு முந்தைய பருவத்தின் லீக் சாம்பியன். போன பருவத்தில் முதலிடம் வந்தவரும் கடைசி இடம் வந்தவரும் மோதுகிறார்கள். ஆர்சனல் 1-0 என்று முன்னிலை. 82ஆவது நிமிடத்தில் 37 வயது மிக்கி தாமஸ் ஒரு ஃப்ரீ கிக்கை மேல் மூலையில் சொருகினார். இரண்டே நிமிடம் கழித்து, ரெக்ஸமிலேயே வளர்ந்த இளைஞன் ஸ்டீவ் வாட்கின் விழுந்துகொண்டே பந்தைத் தொட்டு உள்ளே தள்ளினான். 2-1. முதல் கோலைப் பழுத்த கால் அடித்தது, இரண்டாவதை வளர்த்த பிள்ளை அடித்தான். ஃப்ளினின் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது.

பன்னிரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டு 2001இல் விலகினார். அடுத்த வருடம் ஸ்வான்ஸீ சிட்டி. அதுவும் லீகின் அடித்தட்டில் மூழ்கிக்கொண்டிருந்த கிளப். 2003 மே 3, பருவத்தின் கடைசி நாள். ஹல் சிட்டியை வென்றால் லீகில் தங்கலாம். ஸ்வான்ஸீயில் பிறந்து வளர்ந்த ஜேம்ஸ் தாமஸ் மூன்று கோல் போட, 4-2 என்று தப்பினார்கள். அந்தப் பருவத்தில் ஃப்ளின் கொண்டுவந்தவர்களைப் பாருங்கள். வெஸ்ட் ஹாமில் வாய்ப்புக் கிடைக்காத சின்ன உருவ நடுக்கள வீரர் லியான் பிரிட்டன், மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணியில் இருந்த ஆலன் டேட், ஸ்பெயின்காரர் ரொபேர்ட்டோ மார்ட்டினெஸ். மார்ட்டினெஸ் பிறகு அதே கிளப்பின் மேலாளராகி அதற்கு ஒரு புது ஆட்டமுறையையே கொடுத்தார். 2011இல் ஸ்வான்ஸீ பிரீமியர் லீகுக்கு ஏறியபோது பிரிட்டனும் டேட்டும் அணியில் இருந்தார்கள். ஃப்ளின் அங்கிருந்து போய் ஏழு வருடம் ஆகியிருந்தது.

2004 இறுதியில் ஜான் டோஷாக் வேல்ஸ் முதன்மை அணிக்குப் பொறுப்பேற்றார். ஃப்ளினோடு ஒன்றாக வேல்ஸுக்கு ஆடியவர். இளையோர் அணிகளை ஃப்ளின் கையில் கொடுத்தார். இந்த ஏற்பாட்டில் முக்கியமானது இருவருக்கும் இடையிலான புரிதல். வயதான நட்சத்திரங்கள் பலர் ஓய்வுபெறுகிறார்கள், இடத்தை நிரப்ப ஆள் வேண்டும். பையன் தயாராக இருக்கிறானா என்று பிறந்த தேதியைப் பார்க்காமல் சொல்ல ஒருவர், அதை நம்பி உடனே இறக்க இன்னொருவர்.

வேல்ஸின் மக்கள்தொகை சுமார் முப்பது லட்சம். சென்னையில் பாதிகூட இல்லை. அதிலும் ரக்பி ஒரு பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட நாட்டில் தேடுகிறவர் எல்லைக்கு அப்பாலும் தேட வேண்டும். இங்கேதான் தாத்தா பாட்டி விஷயம் வருகிறது.

ஒருவர் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதைப் பொதுவாகக் குடியுரிமை தீர்மானிக்கும். பிரிட்டனில் இது சிக்கல். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் தனித்தனி அணிகள், ஆனால் எல்லாருக்கும் ஒரே பிரிட்டிஷ் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம் என்றாகிவிடும். அதனால் தான் பிறந்தது, அல்லது பெற்றோரில் ஒருவர் பிறந்தது, அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவர் பிறந்தது அந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட வருடங்கள் அந்த நாட்டில் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்ற வழியும் பின்னாளில் சேர்ந்தது.

இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது ‘கட்டிப்போடும் விதி’. இளையோர் அணியில் ஒரு நாட்டுக்கு ஆடியவர், பிறகு தகுதியுள்ள வேறு நாட்டுக்கு ஒரு முறை மாறிக்கொள்ளலாம். முதன்மை அணிக்காக ஒரு முறையான போட்டியில் இறங்கிவிட்டால் அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிடும் என்பதே அந்த நாளைய நிலை. அண்மையில் அதையும் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். ராப்ஸன்-கானு முதலில் இங்கிலாந்து இளையோர் அணிகளில் ஆடியவர். பாட்டி வேல்ஸின் கேர்ஃபிலியைச் சேர்ந்தவர். 2010இல் வேல்ஸ் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு வந்தார், அதே வருடம் மே மாதம் முதன்மை அணியில் இறங்கினார். இங்கிலாந்தில் பிறந்த ஒரு பையனிடம் போய் ‘உங்க பாட்டிக்கு எந்த ஊர்?’ என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். சின்ன நாட்டின் இளையோர் பயிற்சியாளருக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை.

இதைக் குறுக்குவழி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போய் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஊர்மேல் இருக்கும் ஒட்டு பொய் கிடையாது. மேலும், இங்கிலாந்து அவர்களுக்கு இடம் வைத்துக் காத்திருக்கவும் இல்லை. ஆஷ்லி வில்லியம்ஸை வேல்ஸ் அழைத்தபோது அவர் ஆடிக்கொண்டிருந்தது நான்காம் நிலையில் இருந்த ஸ்டாக்போர்ட் கவுன்டிக்கு.

உள்ளூர்ப் பிள்ளைகளையும் அவர் விடவில்லை. கார்டிஃபில் பிறந்த காரெத் பேல் 2006 மே 27 அன்று ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், டிரினிடாட் அண்டு டுபாகோவுக்கு எதிராக மாற்று வீரராக முதன்மை அணியில் இறங்கியபோது வயது 16 வருடம் 315 நாள். அன்றைய தேதியில் வேல்ஸுக்கு ஆடியவர்களில் ஆக இளையவர். அடுத்த வருடம் மே மாதம் ஹென்னஸியும் கண்டரும் ஒரே ஆட்டத்தில் அறிமுகம். ஆட்டம் நடந்தது ரெக்ஸமில், ஃப்ளினின் பழைய மைதானத்தில்.

இளையோர் பயிற்சியாளரின் வேலையில் இருக்கும் இழப்பைப் புரிந்துகொள்ள 2008ஐப் பாருங்கள். ஃப்ளினின் 21 வயதுக்குட்பட்டோர் அணி ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் பிரான்ஸ் இருந்த குழுவில் முதலிடம் பிடித்தது. அந்த வழியில் பிரான்ஸை 4-2 என்று வென்றார்கள். இறுதிக்கட்டப் போட்டிகளுக்குப் போக ஒரே ஒரு பிளே-ஆஃப் பாக்கி, அதாவது இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்களை வைத்து முடிவாகும் மோதல். எதிரணி இங்கிலாந்து. அக்டோபரில் முதல் ஆட்டம் 2-3, நான்கு நாள் கழித்து வில்லா பார்க்கில் 2-2. மொத்தத்தில் 4-5. ஒரே ஒரு கோலில் போனது. அடுத்த மாதமே, 17 வயது ராம்ஸியை முதன்மை அணி எடுத்துக்கொண்டது. அடுத்த மே மாதம் ஜோ ஆலன். ஒருவன் நன்றாக ஆட ஆட, அவன் உங்கள் கையைவிட்டுப் போகும் நாள் நெருங்குகிறது. அணியைப் பலப்படுத்தி வெற்றிபெறுவது மற்றப் பயிற்சியாளர்களின் கணக்கு. இங்கே அணி பலவீனமானால்தான் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று பொருள்.

2010 செப்டம்பரில் டோஷாக் விலகினார். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு முதன்மை அணியே தற்காலிகமாக ஃப்ளினிடம் வந்தது. பல்கேரியாவிடம் 0-1, ஸ்விட்சர்லாந்திடம் 1-4. இரண்டாவது ஆட்டம் நடந்தது அக்டோபர் 12, அவருடைய 55ஆவது பிறந்தநாள். மறுபடியும் பிறந்தநாளில் ஒரு தோல்வி. நிரந்தரப் பொறுப்பு முன்னாள் வேல்ஸ் வீரர் கேரி ஸ்பீடுக்குப் போனது. ஃப்ளின் இளையோர் பக்கமே திரும்பினார்.

2011 ஆகஸ்டில் வேல்ஸ் ஃபிஃபா தரவரிசையில் 117ஆவது இடம். தரவரிசையை மட்டும் பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்தப் பையன்களுக்கு அப்போது இருபது, இருபத்திரண்டு வயது. பதினாறு பதினேழில் இறக்கப்பட்டு, பெரியவர்களிடம் அடிவாங்கி, அந்த வயதிலேயே இருபது முப்பது ஆட்ட அனுபவம் சேர்ந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஸ்பீடு 20 வயது ராம்ஸியைக் கேப்டன் ஆக்கினார், அணி வெல்லத் தொடங்கியது. அந்த வருட நவம்பரில் ஸ்பீடு இறந்தபோது வேல்ஸே உடைந்துபோனது. அவர் இடத்துக்குக் கிறிஸ் கோல்மன் வந்தார். ஃப்ளின் 2012இல் பொறுப்பிலிருந்து விடைபெற்றார்.

அதன்பிறகு டான்காஸ்டர் ரோவர்ஸுக்குப் போய், 2013 ஜனவரியில் அங்கே அணிப் பொறுப்பை ஏற்று, மூன்றாம் டிவிஷன் பட்டத்தை வென்றார். கடைசி நாளில் பிரென்ட்ஃபோர்டுக்குக் கூடுதல் நேரத்தில் பெனால்டி. அது கம்பத்தில் பட்டுத் திரும்ப, அதே மூச்சில் மறுமுனையில் டான்காஸ்டரின் கோபிங்கர் கோல் அடித்த ஆட்டம் அது. தேடினால் காணொளி கிடைக்கும், தவறாமல் பாருங்கள்.

இந்தக் கதையின் நீளம் லீல் நகரத்தோடும் முடியவில்லை. 2022 நவம்பர் 21, கத்தார். 64 வருடம் கழித்து வேல்ஸுக்கு உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம், எதிரே அமெரிக்கா. கோலில் ஹென்னஸி. நடுக்களத்தில் ராம்ஸி. 0-1 என்று பின்தங்கியிருந்தபோது 82ஆவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. பந்தை எடுத்து வைத்தவர் கேப்டன் காரெத் பேல். கிராட்ஸில் 16 வயதில் இறங்கிய பையனுக்கு இப்போது 33. பலமாக அடித்தார். 1-1.